ஈரலில் கண்ட கறுப்பு

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் உள்ளன. வயது ஐம்பத்து மூன்று. ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். இறந்தவரின் கணவரான தையல்காரர் எனக்கு உறவோ, முன்பின் பழக்கமோ இல்லை.

சென்ற மாதம் எட்டாம் தேதி இறந்த அவர் மனைவியின் உடலிலிருந்து எடுத்த ஈரல் துண்டு எங்களிடம் வந்தது. நான் அதை ஃபார்மலினில் ஊறவைத்து, அதன் பிறகு மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி டாக்டரிடம் கொடுத்தேன். வேலைக்குப் புதியவரான டாக்டர், இன்னதென்று தெரியாத கறுப்புத் துகள்கள் இருப்பதாக எழுதினார். அதை வைத்து, நான்கு வருடம் படுத்த படுக்கையாக இருந்தவளுக்குப் புருஷன் எதையோ கொடுத்துவிட்டார் என்று அந்த அம்மாளின் அண்ணன் புகார் செய்தார்.

அதன் பிறகு பதினாறாம் தேதி காலை தையல்காரர் கூடத்து வாசலுக்கு வந்தார். அளவு நாடா கழுத்திலேயே கிடந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நானும் முறைப்பாகவே நின்றேன். "அவளால முழுங்க முடியாதும்மா, மாத்திரைய நான் பொடிச்சுதான் குடுப்பேன். அந்தப் பொடிதான் உள்ள போய் இப்படிக் கறுத்துப்போச்சா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மனசு கேட்கவில்லை.

அதன் பிறகு ஜாடியிலிருந்த ஃபார்மலினில் லிட்மஸ் தாளை நனைத்தேன். சிவந்தது. ஃபார்மலின் அமிலமாக மாறாமல் இருக்க அதில் பாஸ்பேட் உப்பு சேர்க்க வேண்டும். உப்பு தீர்ந்துபோன வாரம், அடுத்த முறை சேர்த்துக்கொள்ளலாம் என்று ஜாடியை அப்படியே நிரப்பியவள் நான். அமிலமான ஃபார்மலின் இரத்தத்தோடு சேர்ந்தால் கறுப்புத் துகள் விழும். முதல் வருடப் பாடம் இது. மறந்துபோனது எனக்கு வெட்கக்கேடு.

அதன் பிறகு யாரையும் கேட்காமல் அதே மெழுகுக் கட்டியிலிருந்து இரண்டு சீவல்கள் வெட்டி, ஒன்றை அப்படியே விட்டு, மற்றதை, ஃபார்மலினால் விழுந்த கறுப்பைக் கரைத்துவிடும் பிக்ரிக் அமில ஆல்கஹாலில் இரண்டு மணி நேரம் வைத்து, மஞ்சள் போகும்வரை குழாய்த் தண்ணீரில் கழுவி, இரண்டுக்கும் சாயமேற்றினேன். கழுவியதில் ஒரு துகள்கூட இல்லை. டாக்டர் பார்த்த பழைய ஸ்லைடை நான் தொடவே இல்லை, பெட்டியில் இருக்கிறது. சாட்சியத்தை அழித்தேன் என்பது வீண்பழி.

அதன் பிறகு செய்தது தவறுதான். டாக்டரிடம் போவதற்கு முன்பே தையல்காரரை வரவழைத்து, இரண்டு ஸ்லைடுகளையும் மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். "இந்தக் கறுப்பு என் ஜாடியில வந்ததுங்க ஐயா. உங்க கையால வந்ததில்ல" என்றேன். நாலு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கழுவிய ஸ்லைடையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரல் அதில் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

"இது அவளாம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கட்டுமா?" என்றார்.

என் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினேன். நாற்பது நிமிடம் கழித்து அவர் போன பிறகுதான் டாக்டரிடம் சென்று என் தவறை எழுதிக் கொடுத்தேன். வேலை போகலாம் என்று தெரியும்.

கதவை ஏன் சாத்தினீர்கள் என்று இன்ஸ்பெக்டர் இரண்டு முறை கேட்டார். ஒருவர் தன் மனைவியோடு இருக்கும்போது வேறு என்ன செய்வது?

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கதவைச் சாத்தியது உட்பட எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கிறது.

(கையொப்பம்)