கத்தார் போகாத மனிசன்

சண்டை முடிந்து, தாது கலந்த கறுப்பு மண்ணை அள்ளும் கொம்பனிகள் எங்கள் கடற்கரைக்கு வரத் தொடங்கியிருந்த காலம். மட்டக்களப்பிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் நான் நித்திரை போல நடித்துக்கொண்டிருந்தேன். கிடைத்த சீட்டைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"என்ட மனிசனக் கப்பல்ல ஏத்தப்போறாங்களாம் புள்ள," என்றாள் மூத்தவள்.

"சுனாமியில போன அண்ணனையா?"

"ஓம். அவர வீட்டு வளவுக்குள்ளதானே குழி வெட்டித் தாட்டம். இப்ப அந்த மண்ணத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பக் கேக்காங்க. கத்தாருக்குப் போங்க எண்டு அந்த நேரம் எவ்வளவு கெஞ்சினன், அசையல்லயே."

இளையவள் சிரித்தாள். நித்திரைக்காரன் சிரிக்கக் கூடாதென்று நான் உதட்டைக் கடித்தேன்.

"அக்கம்பக்கமெல்லாம் வித்திட்டுப் போயிற்றாங்க. நீங்களும் போங்களனக்கா. அங்க தனிய இருந்து ஆரோட கதைக்கிற?"

"அவரோடதான். பதில் வராது. முன்னயும் அப்பிடித்தான்."

தன்னாமுனை போனது. ஏறாவூரும் போனது. பிறகுதான் மூத்தவள் மெல்லச் சொன்னாள்.

"என்ன விட்டுட்டுப் போகமாட்டன் எண்டு நிண்ட மனிசன், புள்ள. நானா அவர அனுப்புற?"

வந்தாறுமூலையில் பஸ் நின்றது. அங்கே இறங்க வேண்டிய நான் கண்ணைத் திறக்கவில்லை.