வரவேற்பு வரிசை

கவனயீனமோ? ஆர் தம்பி அப்பிடிச் சொன்னது? பள்ளிக்கூட அதிபரோ? வலயக் கல்விக் கந்தோரிலை இருந்து விசாரிக்க வந்தனீங்கள், என்னையும் ரெண்டு சொல்லுக் கேட்டு எழுதுங்கோ. வகுப்பு ரீச்சர் ஜெயனியிலை ஒரு பிழையும் இல்லை. வேலைக்கு வந்து ரெண்டு வருசம் ஆகேல்லை, அவவை வேலையாலை நிப்பாட்டி வீட்டிலை இருத்திப்போட்டு மற்ற எல்லாரும் நல்லவையா நிக்கினம்.

நானோ? ஆஸ்பத்திரியிலை, குழந்தைப்பிள்ளையளின்ரை வாட்டிலை முப்பத்தொரு வருசம் மிஸியா இருந்தனான். பென்சன் எடுத்தாப் பிறகு, சும்மா இருந்தா விசர் பிடிக்கும் எண்டு நானாத்தான் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குப் போனனான். போய்ப் பாத்தா, அங்கை பிள்ளையளைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை. ஆருக்கு மாலை, ஆருக்குப் பொன்னாடை, கல்வெட்டிலை ஆற்றை பேர் மேலை வாறது, உதுதான் கதை. கக்கூசுக்குத் தண்ணி இல்லை எண்டு மூண்டு கூட்டத்திலை கேட்டன். அடுத்த விசயத்துக்குப் போவம் எண்டார் அதிபர். பிறகு நானும் கேக்கிறதை விட்டிட்டன். விழாக்குழுவுக்கு என்னைத் தலைவியாப் போட்டினம். சொன்னா வெக்கம், எனக்குப் பெரிய புளுகம், சந்தோசத்திலை நிலத்திலை கால் படேல்லை.

தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது.

அண்டைக்குப் புதுக் கட்டடம் திறப்பு. லண்டனிலை இருந்து வந்த பழைய மாணவர்தான் பிரதம விருந்தினர். ஒம்பது மணிக்கு வாறன் எண்டவர். எட்டு மணிக்கே பிள்ளையளை றோட்டின்ரை ரெண்டு பக்கமும் நிப்பாட்டியாச்சு. அந்தாள் கீரிமலையிலை முழுகி, கோயிலும் கும்பிட்டு, ஆறுதலா வந்து இறங்கேக்கை பதினொண்டேகால். பங்குனி வெயில். அளவெட்டியிலை இருந்து வந்த நாதஸ்வரக்காரருக்குப் பந்தல் போட்டனாங்கள். பிள்ளையளுக்குப் போடேல்லை.

ஓம், வினோஜா. நாலாம் வகுப்பு. நெஞ்சிலை ஓட்டை, ஒப்பரேசன் திகதிக்குக் காத்துக்கொண்டிருந்த பிள்ளை. அதிபருக்கும் தெரியும், எங்கள் எல்லாருக்கும் தெரியும். லண்டன்காரர் காராலை இறங்க, அவள் விழுந்திட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சுது. செத்தவீட்டுக்கு அதிபர் மலர்வளையத்தோடை வந்து முன்னுக்கு நிண்டவர். எனக்கு வாயிலை வந்தது தம்பி, அடக்கிக்கொண்டன்.

என்ன, ஜெயனி உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ? அழுதுகொண்டே இருந்தவவோ?

சரி, எழுதுங்கோ. பத்தரை இருக்கும். நான் வாசலிலை பன்னீர்ச் செம்போடை நிண்டனான். ஜெயனி அவளைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து, மிஸி, இவளுக்கு ஏலாமல் கிடக்குப் போலை, உள்ளை கொண்டுபோய் இருத்தட்டோ எண்டு கேட்டவ. நான் பாத்தனான். வாய்ச் சொண்டு நீலம். நகக்கண்ணும் நீலம். வாட்டிலை எண்டா டொக்டரைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்க மாட்டன், தூக்கிக்கொண்டு ஓடியிருப்பன். முன்வரிசையிலை ஒரு இடம் வெறுமையாக் கிடந்தா வீடியோவிலை வடிவில்லை எண்டு யோசிச்சன் தம்பி. ஒண்டுமில்லை ரீச்சர், அஞ்சு நிமிசம் நிக்கட்டும் எண்டு நான்தான் சொன்னனான். நான் சொன்னா அவ நம்புவாதானே. திருப்பிக் கொண்டுபோய் வெயிலிலை விட்டவ.

ஏன் பேனையை வைச்சிட்டியள்? எழுதுங்கோ.