கடைசி ஆறு எலக்ட்ரான்

— நீ இப்ப என் புருஷன் இல்ல பாண்டி. பதினொண்ணாங் கிளாஸ் பையன். கையத் தூக்கிட்டுக் கேளு.

— செரி, சங்கரேஸ்வரி டீச்சர். எலக்ட்ரான் ஏன் கீழ்மட்டத்துலயே போயி மொதல்ல உக்காருது?

— அங்கனதான் ஆற்றல் கம்மி. சீசனுக்குக் குத்தாலம் வாரவன் லாட்ஜுல கீழ் ரூமத்தான மொதல்ல கேக்கான்? அது நெறஞ்சாத்தான் மாடி ஏறுவான்.

— ரூமுக்கு எத்தன பேரு? நம்மூர்ல பத்துப் பேரு படுக்கான்.

— எலக்ட்ரானுக்கு மானம் இருக்கு. ரெண்டு பேருதான். அதுவும், அதே மட்டத்துல காலி ரூம் கெடந்தா ஒண்டியாத்தான் இருக்கும். வேற வழியில்லன்னாத்தான் ஜோடி சேரும்.

— கல்யாணம் மாதிரி.

— பேசாம இருலே.

— ஏட்டி, மறுபடி சொல்லேன், மெதுவா.

— ஒனக்கெதுக்கு? எம்.எஸ்சி.யவே என்னப் பாத்து எழுதித்தான பாஸான? இப்ப செல்போன் கவர் விக்க.

— சும்மா ஒரு ஆர்வந்தான். இன்டர்வியூக்கு வந்திருக்க எல்லாருக்கும் இதே பாடந்தானா?

— இதே பாடந்தான். இந்த வீரகேரளம்புதூர் ஸ்கூல்ல இருக்கது ஒரே கெமிஸ்ட்ரி வேல. இதுவும் போச்சுன்னா நான் ஒன் கடையில கவர் மாட்டிக் குடுக்க வேண்டியதுதான். சாரல் நின்னு எவ்வளவு நேரமாச்சு, அந்த மழக்கோட்டக் கழத்தேன்.

— குளுருதுட்டி. நீ மேல சொல்லு. ஃபோர் எஸ், த்ரீ டி?

— நாலாம் நம்பர்னாலும் ஃபோர் எஸ்ஸுக்கு ஆற்றல் கொஞ்சம் கம்மி. அதான் த்ரீ டிக்கு முந்தி நெறையுது.

— உதாரணம்?

— குரோமியம். கடைசி ஆறு எலக்ட்ரான். எஸ்ஸுல ரெண்டு, டியில நாலு. போர்டு நடுவுல பெருசா எழுதணும்.

— எஸ் ரெண்டு, டி நாலு. எஸ் ரெண்டு, டி நாலு.

— விஜய்பாண்டி சார் யாரு? மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிடுதாக. கோட்டக் கழத்திட்டு வாங்க சார். அடேயப்பா, டையெல்லாம் கட்டி!

— ஏட்டி, கோவப்படாத. சொல்லணும்னுதான் இருந்தேன். ஆருக்குக் கெடச்சாலும் நம்ம வீட்டுக்குத்தான?

— போயிட்டு வா. சாக்பீஸ அழுத்திப் புடி.

— ஏம்மா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே வேலைக்கா? ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?

— நேத்தே தெரியும் அண்ணாச்சி. பொண்டாட்டியக் கொண்டுவிட வாரவரு கண்ணாடி முன்னால நின்னு டை கட்டிப் பாப்பாரா? அடுத்தது நான்தான?

— ஆமா. அவுக முடிச்சதும் போர்டத் தொடச்சு வைக்கேன்.

— தொடச்சிராதிய. குரோமியம் அந்த வரிசைக்கு அடங்காது, எஸ்ஸுல ஒண்ணு, டியில அஞ்சு. அவுக தப்பா எழுதியிருப்பாக. அதத் திருத்தித்தான் நான் பாடத்த ஆரம்பிக்கணும்.