பிள்ளையாரின் சம்மதம்

அடுத்தவையின்ர கதை கேளாட்டில் உமக்குச் சோறு செமிக்காதோ? சரி, கேளும்.

பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு தாய்மார். ஒருத்தியின் மடியில் பேச்சு வராத மகன்.

“இப்ப போற பள்ளிக்கூடத்தில இவனைப் பாக்க ஆளில்லையடி. உங்கட கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில பக்கத்திலயே ஒரு ரீச்சர் இருப்பாவாம். ஆனால் ஞானஸ்நானம் கேக்கினம். மதம் பாத்துப் பிள்ளையளைச் சேர்க்கக் கூடாதெண்டு பார்லிமென்டில கதைச்சு முடிக்க இவனுக்கு மீசை முளைச்சிடும்.”

“அப்ப ஞானஸ்நானம் குடுப்பம். நான்தான் ஞானத்தாய்.”

“பிள்ளையார் கோவிச்சால்?”

“யானைத் தலையோட அவரென்ன மற்றப் பிள்ளையள் மாதிரியே? அவருக்கு விளங்கும்.”

தாய் சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். மகனைத் தூக்கிச் சிநேகிதியின் மடியில் வைத்தாள்.

“ஞானத்தாயிட்டப் போ, ராசா.”

அதே பஸ்ஸில் வந்த அயலவர்கள் பிறகு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“அவை கிறிஸ்தவ வேதத்துக்கு மாறப்போகினமோ, அன்ரி?”

“இல்லைப் பிள்ளையள். பெடியன் பள்ளிக்கூடம் மாறப்போறான்,” என்றேன்.