டபுள் தையல்

வேலம்பாளையத்தில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த அம்மாவின் கழுத்தில், நூல் வெட்டும் கத்தரி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த இளம்பெண்ணிடம் சொன்னார்:

"கடல்ல உளுகற ஹெலிகாப்டருக்குக் கெட்டித் தையல் ஆகாது கண்ணு."

"ஏனுங்க்கா?"

"அதுக்கு அடியில பலூனச் சுருட்டி வெச்சிருப்பாங்களாமா. தண்ணியில எறங்குனதும் கேஸ் ரொம்பி அது உப்போணும். அப்பத்தான் உள்ள இருக்கறவங்க தப்பிப்பாங்க. பனியன் ஆர்டர் கொறஞ்சப்ப எங்க கம்பெனி ஓனர் புடிச்ச புது ஆர்டரு அந்தப் பலூனோட உறை. மெலிசு நூல்ல தெச்சாத்தான், பலூன் உப்பறப்ப உறை பிஞ்சு வழி உடும்."

"அது உங்களுக்கு மொதல்லயே தெரியுங்களா?"

"அப்பத் தெரியலியே. செக்கிங்ல இழுத்துப் பாத்தேன், தையல் கையோட வந்துருச்சு. இருவது வருசமா பிஞ்ச தையலத் திருப்பி அனுப்புன கை இது. 'சாம்பிளே இப்படித்தான் அக்கா'ன்னு அதத் தெச்ச பீகார் டெய்லர் தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொன்னான். நாந்தான் சத்தம் போட்டு டபுள் தையல் போட வெச்சேன்."

"அப்பறமுங்க?"

"தண்ணித் தொட்டியில போட்டு டெஸ்ட் பண்ணுனாங்க. உறை பிய்யவே இல்ல, பலூன் உள்ளயே நின்னுக்கிச்சு. நல்லவேளை, அதுல ஆளில்ல. ஓனர் வந்து யாரு தெச்சதுன்னு கேட்டாரு. அன்னைக்கே அவனக் கணக்கு முடிச்சு அனுப்பிட்டாரு."

"நீங்க சொன்னதுன்னு அந்த டெய்லரு சொல்லலீங்களா?"

"சொல்லல."

"நீங்க?"

அவிநாசி வரும் வரை அந்த அம்மா கத்தரியை விரலில் மாட்டி மாட்டிக் கழற்றினார். இறங்க எழுந்தபோதுதான் சொன்னார்:

"பையத் தூக்கீட்டு என்ற டேபிளுக்கு வந்தான் கண்ணு. 'போயிட்டு வர்றேன் அக்கா'ன்னான். சரின்னேன்."