பனி ஏறாத தண்டவாளம்

சின்ன ரயிலுக்கு எண்ணெய் அதிகம் போடக்கூடாது, ஐயா. எல்லாரும் செய்கிற தப்பு அதுதான். கோழி இறகின் நுனியில் தொட்டு அச்சில் ஒரு பொட்டு வைத்தால் போதும். கூடினால் எண்ணெய் தண்டவாளத்தில் இறங்கும், அதில் தூசி ஒட்டும், சக்கரம் வழுக்கும். பிறகு வண்டி வளைவில் திணறிக்கொண்டு நிற்கும்.

நீங்கள் என் பெண்சாதி பாலம்மாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். வருகிறேன். ரயிலைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

நான் முதலில் கம்பளைப் பக்கம் நிஜ ரயில் பாதையில் கல் கொட்டிய கூலி. தண்டவாளம் தூக்கும்போது ஒன்று நழுவி வலது பாதத்தில் விழுந்தது. கால் போனதும் வேலையும் போனது. மடுல்கெல்லப் பக்கம் பாலம்மாவின் ஆட்கள் இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். அவள் கொழுந்து பறித்தாள். நான் மலையில் செடியின் கிளை கழிக்கிற கவ்வாத்து வெட்டினேன். ஏறும்போது முழங்கால் வரை வலிக்கும், இறங்கும்போது இடுப்பு வரை வலிக்கும். நொண்டிக்கொண்டே ஒரு ஆள் எத்தனை காலம் மலை ஏறுவான்?

அப்போதுதான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குச் சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக விளையாட்டு ரயில் வந்தது. சாவி கொடுத்தால் ஓடுகிற வண்டி. பங்களாவின் கோடி அறையில் நீள மேசை போட்டு, பாலம், சுரங்கம், ஸ்டேஷன் எல்லாம் வைத்தார். ரயில் பாதையில் வேலை செய்தவன் யார் என்று கேட்டார். கங்காணி என்னைக் காட்டினார். அந்த அறையில் எனக்கு ஒரு முக்காலி கிடைத்தது. மழையில் நனையாமல், ஒருவரும் விரட்டாமல் உட்காருகிற இடம் என் ஆயுசில் அதுதான் முதல்.

எங்கள் மலையில் பனி, ஜன்னல் வழியாக ஆள் நுழைகிற மாதிரி உள்ளே வரும். காலையில் துடைத்த தண்டவாளம் சாயங்காலத்தில் துருவேறிச் செந்நிறமாகியிருக்கும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ரயில் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டோர் இருந்தது. நடுவில் பலகைச் சுவர்தான். ஸ்டோரில் கணப்புச் சட்டி வைத்துக் கரி போட்டால் பலகை சூடேறி, ரயில் அறை காய்ந்து கிடக்கும். கரியைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டுமென்றேன். துரை சம்மதித்தார். இருமலோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பாலம்மாவை அங்கே கொண்டுவந்து வைத்தேன். நான் அவளுக்கு நல்லது செய்தவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆயுத பூசை வந்தது. கத்திக்கும் கூடைக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைக்கிற நாள். நான் வருவதற்கு முன்னால் பாலம்மா ரயில் அறைக்குள் போய், எஞ்சினுக்குச் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கியிருந்தாள். வெளியே தெரிந்ததை நான் துடைத்தேன். சக்கரத்தின் உள்விளிம்பில் காய்ந்திருந்த சந்தனம் கண்ணுக்குப் படவில்லை. அன்று சாயங்காலம் துரையின் சிநேகிதர்கள் கண்டியிலிருந்து வந்திருந்தார்கள். எஞ்சின் பாலத்தில் தடம் புரண்டு, பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தது. விருந்தாளிகள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை.

"முத்துலிங்கம், இன்னொரு தரம் விழுந்தா, நீ மலைக்கு போ" என்றார்.

நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் போய் ஏன் இப்படிச் செய்தாய் என்று அவளைக் கேட்டேன்.

"ஒங்களுக்கு சோறு போடுற சாமான்தானே அது. பொட்டு வச்சா ஆகாதா?" என்றாள். பிறகு சிரித்தாள். "பொஞ்சாதி மாதிரி அத தொடச்சிக்கிட்டு கெடக்கீங்க. சக்களத்திக்கு நானே பொட்டு வச்சி விட்டிருக்கேன், அதுக்கும் கோவமா?"

அவள் சிரித்தால் கூடவே இருமலும் வரும். நான் கோபப்படவில்லை. நான் கோபக்காரன் இல்லை. லயத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கிறிஸ்மஸுக்கு மறுபடியும் விருந்தாளிகள் வருவதாகச் சொன்னார்கள். மழை விடவே இல்லை. நான் தண்டவாளத்தைத் துடைத்துத் துடைத்து வைப்பேன், பாலம்மா ஸ்டோர் ஜன்னலைத் திறந்து வைப்பாள். திறந்தால் சூடு போய்விடும், பலகை ஈரமாகிவிடும்.

"தலைய சுத்துதுங்க. ராசாத்திய மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

மறக்கவில்லை. ராசாத்தி எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவில் இருந்த பெண். பிள்ளை பெற்ற குளிருக்குக் கணப்பு வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திப் படுத்தாள். விடிந்து பார்த்தபோது தாயும் உயிரோடு இல்லை, பிள்ளையும் இல்லை. தூங்குகிற மாதிரியே இருந்தார்கள். கனிந்த கரிக்குப் புகை தெரியாது, வாடை தெரியாது. அவளைத் தூக்கிப்போன நாலு பேரில் நானும் ஒருவன். ஆகையால், கூலிக்காரன், விவரம் தெரியாமல் செய்துவிட்டான் என்று எழுதிவிடாதீர்கள்.

விருந்து நாளன்று பாலம்மா வருவதற்கு முன் ஸ்டோர் ஜன்னலை அடைத்தேன். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே போடுகிற ஈயத்தாள் கிடந்தது. மாவுப் பசை காய்ச்சி, இடுக்கு ஒன்று விடாமல் ஒட்டினேன். நல்ல வேலை. நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அவள் வந்து சுற்றிப் பார்த்தாள்.

"என்னங்க, ஜன்னலையே காணோம்?"

"பனி வருது புள்ள."

"எனக்கு மூச்சு வர வேணாமா?"

"விருந்தாளிங்க போற வரைக்கும் பொறுத்துக்க."

கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்தக் காலோட மறுபடி மலைக்கு அனுப்பிருவானுங்களேன்னுதான் பொறுத்துக்கிறேன்" என்றாள். கரியை அவளே அள்ளிப் போட்டாள். ஸ்டோருக்குக் கதவு ஒன்றுதான், அது ரயில் அறைக்குள் திறக்கும். வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன். கரித்தூள் தண்டவாளத்தில் படியாதிருக்க, கதவின் அடியில் சாக்கைத் திணித்தேன்.

வெள்ளைக்காரர்கள் வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். சாவி கொடுத்தேன். வண்டி சுரங்கத்தில் நுழைந்து, பாலம் ஏறி, வளைவில் ஒரு குலுக்கலும் இல்லாமல் திரும்பியது. சாவி தீர்ந்து வண்டி நின்ற அமைதியில்தான் முதல் தட்டல் கேட்டது. பலமான தட்டல் இல்லை. உள்ளங்கையால் தட்டுகிற மாதிரி இருந்தது.

துரைசாணி திரும்பிப் பார்த்தார். "என்ன சத்தம் அது?"

"பலகை சூட்டுல விரியிற சத்தங்க, தொரசாணி" என்றேன்.

மறுபடி சாவி கொடுத்தேன். வண்டி ஓடினால் வேறு எதுவும் கேட்காது. அது நிற்கும்போதெல்லாம் நான் கதவுப் பக்கம் காது கொடுத்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். தட்டல் கதவின் நடுவிலிருந்து கீழே இறங்கியது. பிறகு சாக்குக்குப் பக்கத்தில் நகத்தால் பிறாண்டுகிற மாதிரி கேட்டது. தேத்தண்ணீர் கொண்டுவந்த பங்களா வேலைக்காரர் அப்பு வீரய்யா என் முகத்தைப் பார்த்தார். "பாலம்மா எங்கடா?" என்று மெதுவாகக் கேட்டார். லயத்துக்குப் போய்விட்டாள் என்றேன். அதற்குப் பிறகு சாவி தீர்ந்தபோது ஒன்றுமே கேட்கவில்லை. விருந்தாளிகள் கை தட்டினார்கள். துரை என் தோளில் கை வைத்து, "நல்ல வேலை, முத்துலிங்கம்" என்றார்.

அவர்கள் போனபிறகு கதவைத் திறந்தது வீரய்யாதான். நான் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தட்டினபோதே ஏன் திறக்கவில்லை என்று நீங்கள் முதலிலேயே கேட்டீர்கள். திறந்தால் அந்தப் பக்கத்துப் பனி உள்ளே வரும், தண்டவாளம் ஈரமாகும், வண்டி விழும் என்று சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். நான் ஈயத்தாள் ஒட்டின அறைக்குள் பனி எப்படி வந்திருக்கும் என்று அடுத்ததாகக் கேட்பீர்கள் என்றுதான் இவ்வளவு நேரமும் காத்துக்கொண்டிருக்கிறேன், ஐயா.