புண் இல்லாத நாள்

தேத்தண்ணிக் கோப்பையை நான் எப்போதும் இரண்டு தரம் கழுவித்தான் குடிப்பேன், காதியார். துப்புரவில் நான் கொஞ்சம் கடுமையானவன். கல்முனையில் பாமசி ஹமீட் என்று கேட்டுப் பாருங்கள், அதைத்தான் முதலில் சொல்வார்கள். என் மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒரு விரல் அடையாளம் இருக்காது.

என் மனைவி பஹ்மிதாவை வெளியே இருக்கச் சொன்னது நல்லது. குர்ஆனில் கைவைத்து 'எனக்கு அந்த நோய் இல்லை' என்று நான் சொன்னால், நான் கேட்கிற தலாக்கை ஏற்றுக்கொள்வதாக இந்தக் காதி நீதிமன்றத்தில் உங்கள் முன்னால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நியாயமான பேச்சுத்தான். ஆனால் பொய்ச் சத்தியம் செய்கிற ஆள் நானில்லை. அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அது கத்தாரில் இருந்தபோது வந்தது, கலியாணத்துக்கு நாலு வருடம் முன்பு. மறைவிடத்தில் நீர்க்கொப்புளம், பிறகு புண், பத்து நாளில் காய்ந்துவிடும். ஹேர்பீஸ் என்று அங்கேயே டாக்டர் சொன்னார். உடம்பை விட்டுப் போகாது, ஒளிந்திருந்து திரும்ப வரும், புண் தெரியாத நாளிலும் மனைவிக்குத் தொற்றலாம் என்றார். மாத்திரை போட்டால் அடங்கும். அடங்கிக் கிடக்கிற ஒன்றைப் பெண் வீட்டாரிடம் போய் யார் சொல்வார்கள்? அவர்களும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் விடுவது பொய்யாகாது.

சாய்ந்தமருதில் அவள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த பிறகு கவனமாகத்தான் இருந்தேன். புண் வந்தால் இடுப்பில் நாரி வலி என்று சொல்லித் தள்ளிப் படுத்துக்கொள்வேன். சில நாள் காந்தல் மட்டும் தொடங்கியிருக்கும், புண் வந்திராது. அந்த நாட்களில் தள்ளிப் படுக்கவில்லை. மனுசன்தானே.

போன நோன்புக்குப் பிறகு அவளுக்கு வந்தது. காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டியது, சலம் போகும்போது வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுடைய தாய் ஆசியா உம்மா, இது அக்கிதான் என்று செங்காவி உரைத்துப் பூசக் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குரிய மாத்திரை என் கடையில் இரண்டாவது இலாச்சியை இழுத்தால் கைக்கு வந்திருக்கும். அதைக் கொடுத்தால், இது என்ன நோய் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். ஆகவே படர்தாமரைக் களிம்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். எரிகிறது என்றாள். எரிந்தால்தான் மாறும் என்றேன்.

எனக்கு அருவருப்புப் பிடித்தது அப்போதுதான். அவள் துவாய், அவள் தலையணை, அவள் வாய் வைத்த கோப்பை, எதைக் கண்டாலும் குமட்டியது. அவள் கையால் பரிமாறினால் சோறு தொண்டையில் இறங்காது. அவளுடைய சோற்றுப் பீங்கானையும் கோப்பையையும் கிணற்றடியில் தனியாக வைக்கச் சொன்னேன். அது அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. அவளே எடுத்துக்கொண்டுபோய் வைத்தாள்.

களிம்பில் மாறாததால் ஒரு நாள் தானாகவே கிளினிக்குக்குப் போய்விட்டாள். அங்கே லேடி டாக்டர் புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்துச் சோதித்து, ஹேர்பீஸ் என்று சொல்லியிருக்கிறார். கோப்பையாலும் துவாயாலும் இது தொற்றாது, யாரிடமிருந்து எப்போது வந்தது என்று இந்தச் சோதனை காட்டாது, கணவரும் வரட்டும், புண் இருக்கிற நாளில் வந்தால்தான் சரியாகத் தெரியும் என்றாராம். அத்தனையையும் அப்படியே வந்து என்னிடம் ஒப்புவித்தாள்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஒங்களத் தவிர வேற ஆம்புளயத் தெரியா. நீங்களும் ஒருக்கா செக் பண்ணுங்களே" என்றாள்.

ஓம் என்றேன். அந்தக் கிழமை எனக்குப் புண் இருந்தது. மாத்திரை போட்டு, காய்ந்து, தோல் தெளிந்து, அதற்குப் பிறகும் ஒன்பது நாள் விட்டு, வெளியூரில் ஒரு தனியார் லேப்புக்குப் போனேன். புண் இல்லாமல் எடுத்தால் முடிவு பிழையாக வரலாம் என்று அங்கிருந்தவர் சொன்னார். பரவாயில்லை, எடுங்கள் என்றேன். நோய் இல்லை என்று ரிப்போட் துண்டு வந்தது. அதை லெமினேட் பண்ணி எடுத்துக்கொண்டேன்.

அவளுடைய மூத்தவர் றிம்சான் காக்காவைக் கூப்பிட்டுத் துண்டைக் கையில் கொடுத்தேன். அதில் இருந்ததை வாசித்துக் காட்டினேன், அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. அவர் தங்கச்சியைப் பார்த்து, "ஆருடி அவன்?" என்றார். அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கதை ஊருக்குள் போய்விட்டது. வீட்டில் தையல் வகுப்பு வைத்திருந்தாள், பதினொரு குமருகள் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கிழமையில் ஒருத்தியும் வரவில்லை. ஆசியா உம்மா மகளோடு கதைப்பதை விட்டுவிட்டார். நான் தலாக் கேட்டு உங்களிடம் வந்தது அதற்குப் பிறகுதான். அருவருப்போடு ஒருவன் எத்தனை நாளைக்குக் குடும்பம் நடத்துவான்?

ஆகவே சத்தியம் தேவைப்படாது. ஓம், நோய் என்னுடையது. தொற்றும் என்று தெரிந்துகொண்டே அவளுக்குக் கொடுத்தவனும் நான்தான். அவள் குற்றமற்றவள் என்று தெரிந்துகொண்டே அந்தத் துண்டைக் காட்டியவனும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அவளும் இதில் கையெழுத்து வைக்கவேண்டும் என்றால் உள்ளே கூப்பிடுங்கள். ஆனால் மேசையில் ஒரு பேனைதான் இருக்கிறது. அவள் தொடுவதற்கு முன் அதை என்னிடம் தாருங்கள்.